பிளாஸ்டர் ஒட்டிய ராணி

சீட்டுக் கட்டை நாங்கள் காட் என்போம். காட் என்றால் எங்கள் ஊரில் சூது. தோணி இறக்காத நாட்களில் கடற்கரை மீன் வாடிகளில் ஆம்பிளைகள் வட்டமாக இருந்து முன்னூற்றிநாலு ஆட்டம் அடிப்பார்கள். பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் கட்டைச் சாரன் மடிப்புக்குள் செருகிக்கொண்டு எழும்பிப் போவார்கள். பொம்பிளைப் பிள்ளை ஒருத்தி காட்டைக் கையால் தொட்டாள் என்று நான் கேள்விப்பட்டதில்லை. எனக்கு அதைத் தந்தது ஒரு டொக்டர். மருந்தாகத்தான் தந்தார்.

கடல் வந்த காலையில் எனக்குப் பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். வீடு என் மூத்தவள் ராத்தாவுக்குச் சீதனமாகக் கட்டிய வீடு. அதில் உம்மா, ராத்தா, அவளைக் கல்யாணம் முடித்து வந்த மச்சான், நான். வாப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே மௌத். மச்சான் கரையில் மீன் வாங்கி மோட்டார் சைக்கிள் பெட்டியில் போட்டு உள்பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்பவர். அன்றைக்கும் விடியவே கரைக்குப் போயிருந்தார்.

தண்ணீர் வந்தபோது ராத்தா என் வலது கையைப் பிடித்தாள். இடது கையால் நான் குசினிக் கூரைத் தகரத்தைப் பிடித்தேன். தண்ணீர் திரும்பி இழுத்தபோது தகரமும் விடவில்லை, ராத்தாவும் விடவில்லை. தகரம் உள்ளங்கையைக் குறுக்கே அறுத்திருந்ததை நான் பிறகுதான் கண்டேன். உம்மாவை அடுத்த தெருவில் ஒரு மதிலின் மேல் கண்டெடுத்தோம், உயிரோடு. மச்சானைக் காணவில்லை.

காயம் காய்ந்த பிறகும் என் சின்ன விரலும் மோதிர விரலும் மடங்கவில்லை. இரண்டும் தனியே நிமிர்ந்து நின்றன, யாருக்கோ வழி காட்டுகிற மாதிரி. அப்போது நாங்கள் வயல் பக்கமாகப் போட்டிருந்த தகரக் கொட்டில் வரிசையில் இருந்தோம். அங்கே கூடாரக் கிளினிக்குக்கு வந்த வெளிநாட்டு டொக்டர் பொம்பிளை, அமத்திப் பழகு என்று ஒரு றப்பர் பந்தைத் தந்தார். அன்று பின்னேரமே அதை வரிசைப் பிள்ளைகள் கிரிக்கெட் அடித்து வயலுக்குள் தொலைத்துவிட்டார்கள். அடுத்த முறை போனபோது அவர் தன் தோள் பையைத் திறந்து ஒரு காட் கட்டை எடுத்தார். இடது கையில் எப்படிப் பிடிப்பது, பெருவிரலால் எப்படித் தள்ளுவது, பாதிக் கட்டைத் தூக்கி மறுபடி வைக்கும்போது நடுவில் சின்ன விரலின் நுனியை எப்படி இடுக்கிக்கொள்வது என்று செய்து காட்டினார். முன்னால் இருப்பவருக்குக் கட்டு ஒழுங்காக மூடியிருப்பது போலத் தெரியும். பின்பக்கம் சின்ன விரல் ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்த இடுக்குத்தான் எல்லா வித்தைக்கும் தாய் என்று எனக்குப் பிறகு விளங்கியது. அன்றைக்கு விளங்கியது ஒன்றுதான்: சின்ன விரல் மடங்காமல் அந்த இடுக்கு வராது.

மொழிபெயர்க்க நின்ற பெடியனுக்கு அவர் பேசியதில் பாதிதான் பிடிபட்டிருக்கும். நாள் முழுக்க மருந்துச் சீட்டுகளையே மொழிபெயர்த்து அலுத்துப்போனவன், உம்மாவைப் பார்த்துச் சொன்னான்: "ஒரு நாளைக்கு மூண்டு தரம் பாவிக்கட்டாம். சாப்பாட்டுக்குப் பொறகு."

அதோடு உம்மாவுக்கு அது மருந்தாகிவிட்டது. காட்டைப் பார்த்ததும் இருண்ட முகம், சாப்பாட்டுக்குப் பிறகு என்றதும் தெளிந்தது.

பக்கத்துக் கொட்டிலில் ஒரு மாமி இருந்தார். எங்களுக்குச் சொந்தமில்லை, வயதுக்காக மாமி. இரண்டு கொட்டிலுக்கும் நடுவில் ஒரே ஒரு தகரம். எங்கள் வீட்டுத் தும்மலுக்கு அவர் பதில் சொல்லுவார்.

"என்ன கா இது? புள்ளைக்குச் சூது பழக்குறீங்களா? கடல் ஒருக்கா வந்தது போதாதா?"

"மருந்து கா. டொக்டர் தந்த."

"மருந்தில ராசாவும் ராணியும் இரிக்காங்களா? படம் இரிக்கிற வீட்டுக்கு மலக்குமார் வர மாட்டாங்க, தெரியுமா?"

மலக்குகள், அந்த வானவர்கள், வராத வீடாக இருக்க உம்மாவுக்குப் பயம். அந்த வருடம் எல்லோருக்குமே பயம். அஸர் தொழுது முடித்த கையோடு பாயில் இருந்தபடியே, கட்டுக்குள்ளிருந்து படம் போட்ட காட்டுகளை எல்லாம் பிரித்தெடுத்தா. என் காயத்துக்குத் தந்த பிளாஸ்டர் சுருளைக் கடித்துக் கிழித்து, ஒவ்வொரு முகத்தின் மேலும் ஒட்டினா. முதலில் சிவப்புகள். சிவப்பு ராணிகள்தான் அவவின் கண்ணில் குத்தினார்கள். "உதட்டுச் சாயம் வேற" என்று முணுமுணுத்தா. சிவப்பு முடியவும் பிளாஸ்டரும் முடிந்தது. மிஞ்சிய கறுப்பு இஸ்பேட், கலாவரை முகங்களை என் பரீட்சைப் பேனையால் கிறுக்கி அழித்தா. பிறகு கட்டை என்னிடம் தந்து, "இப்ப பாவி" என்றா.

நான் பாவித்தேன். கொட்டிலுக்குள் பகலில் தகரம் சுட்டு அவியும். அந்த அவிச்சலில் வாசலோரம் பாயில் இருந்து, உடைந்த அலுமாரிக் கண்ணாடித் துண்டொன்றைச் சுவரில் சாத்தி வைத்துக்கொண்டு பழகினேன். முதல் கிழமைகளில் கட்டு கையில் நிற்கவே இல்லை. சின்ன விரலை மடக்கும்போது உள்ளங்கைத் தழும்பு தையல் பிரிவது போல இழுக்கும். காட்டுகள் பாயெல்லாம் சிதறும். ராத்தா பொறுக்கி அடுக்கித் தருவாள். அவள் அந்தக் காலத்தில் செய்த வேலைகளில் அதுவும் ஒன்று: நான் விழுத்துவது, அவள் பொறுக்குவது.

எனக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது. விரல் கொஞ்சம் மடங்கத் தொடங்கியதும் டொக்டர் சொல்லாததை எல்லாம் செய்து பார்த்தேன். இரண்டு காட்டை ஒன்று போலத் தூக்கிக் காட்டுவது. கலைப்பது போலக் கலைத்து மேல் காட்டை மேலேயே வைத்திருப்பது. உள்ளங்கைக்குள் ஒன்றை வளைத்து ஒளித்து, கையைச் சும்மா தொங்கப்போடுவது. அபாயாவின் நீளக் கை இதற்கென்றே தைத்தது போல இருந்தது. கண்ணாடியில் என் கண்ணுக்கே பிடிபடாமல் போகும்வரை செய்தேன். பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை.

அப்போதுதான் பிளாஸ்டரின் குணத்தைக் கண்டுபிடித்தேன். ஒட்டிய காட்டுகள் மற்றதைவிடத் தடிப்பு. கட்டின் ஓரத்தில் பெருவிரலை ஓட விட்டால் அவை இருக்கும் இடத்தில் கட்டு சின்னதாக வாய் திறக்கும். ஒற்றைக் காட்டைத் தொட்டாலே போதும், உள்ளே மெத்தென்று இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு சிவப்பு ராசாவோ ராணியோ ஒன்றை எடுப்பேன். மலக்குமாருக்காக உம்மா ஒட்டியது எனக்குக் கள்ளச்சாவி ஆகிவிட்டது. இதை ஒருவரிடமும் சொல்லவில்லை, ராத்தாவிடம்கூட. வித்தைக்காரிக்கு ஒரு ரகசியமாவது வேண்டாமா?

வரிசைப் பொம்பிளைகள் வேடிக்கை பார்க்க வரத் தொடங்கினார்கள். முதலில் சிரித்தார்கள், பிறகு யோசித்தார்கள். எங்கள் பக்கம் சாமான் காணாமல் போனால் மை பார்ப்பார்கள். வெற்றிலையில் மை தடவி, அதில் உருவம் தெரிகிறதா என்று ஒரு பிள்ளையைப் பார்க்க வைப்பார்கள். ஹராம் என்று பள்ளியில் சொல்லுவார்கள், ஆனாலும் பார்ப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு ராணியை எடுக்கிற பிள்ளைக்கு மற்றதும் தெரியும் என்று அவர்கள் நினைத்ததில் என்ன பிழை? மாமியே ஒரு நாள் வந்து குந்தினார்.

"புள்ள, என்ட சின்னக் கத்தியக் காணல்ல. காட்டில பார்த்துச் சொல்லன்."

"மாமி, சூது எண்டீங்க?"

"காசு வெச்சாத்தானே சூது. நான் கத்தியத்தானே கேக்கன்."

ராத்தா அன்றைக்குச் சிரித்தாள். கடலுக்குப் பிறகு அவள் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை. மாமி போகிற போக்கில் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தணிக்காமல் உம்மாவிடம் சொன்னார்: "இவட புருஷனையும் ஒருக்காப் பார்க்கச் சொல்லுங்க கா. சுருமா போட்டுக்கிட்டு எவ்வளவு நாளைக்கு இரிக்கிற?"

பிரச்சினை அதுதான். புருஷன் மௌத்தானால் பொஞ்சாதி இத்தா இருக்க வேண்டும். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, சுருமா, பூ, வாசனை எல்லாம் விட்டு, வீட்டை விட்டு வெளிக்கிடாமல் திரைக்குப் பின்னால் இருப்பாள். வாப்பாவுக்காக உம்மா இருந்த திரை எனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பின்னால் உம்மா வேறு ஆள் போல இருந்தா. வரிசையில் பல கொட்டில்களில் அப்போது வெள்ளைத் திரை தொங்கியது. ராத்தா மட்டும் இத்தா இருக்கவில்லை. கலர்ச் சல்வார் உடுத்தாள். கண்ணுக்குச் சுருமா போட்டாள். தண்ணீர் பவுசர் வண்டிக்கு வாளி கொண்டு போனாள்.

கடல் ஒதுக்கிய மையித்துகளை அடக்கியவர்களில் ஒருவர், நீலக் கோடன் சேட்டுப் போட்ட ஓர் உயரமான ஆளை அடக்கினோம், முகம் அடையாளமில்லை என்று உம்மாவிடம் சொல்லியிருந்தார். மச்சான் அன்று போட்டிருந்தது நீலக் கோடன் சேட்டு.

"நோன்புப் பெருநாளுக்கு ஊரில பாதிப் பேர் அந்தச் சேட்டுத்தான் எடுத்த" என்றாள் ராத்தா. "ஒரே கட. ஒரே துணி."

"புள்ள..."

"உம்மா, அவர் வாடியில காட் அடிக்கக் குந்தினாலும் அஸருக்கு வந்திருவார். நீங்கதானே ஏசுவீங்க."

"அது எத்தின அஸர் போயிற்றுகா."

உம்மா மௌலவியிடம் ஆள் அனுப்பிக் கேட்டா. பதில் கடுமையாக வரவில்லை. வந்த பதில் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. மௌத்தாகிவிட்டார் என்று பிள்ளையின் மனதுக்கு உறுதியானால் அன்றிலிருந்து இத்தா இருக்கட்டும். இல்லாவிட்டால் பார்த்திருக்கட்டும், அவசரப்படுத்த வேண்டாம் என்றாராம். முடிவு ராத்தாவின் கையில். புதுக் குடியேற்றத்தில் வீடு கொடுக்கப் பெயர் பதிய வந்தவரும் அதையேதான் கேட்டார்: புருஷன் இருக்கிறாரா, இல்லையா? ராத்தா அவரிடம் "தெரியா" என்றாள். அவர் பேனையை மூடிக்கொண்டு அடுத்த கொட்டிலுக்குப் போனார்.

லுஹர் தொழுத பிறகு உம்மா பவுசருக்குப் போயிருந்த ஒரு பகல். நான் வாசலோரம் கண்ணாடிக்கு முன்னால் இருந்தேன். ராத்தா வந்து எனக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருந்தாள்.

"எனக்கொண்டு பார்த்துச் சொல்லு."

"என்ன, கத்தியா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

"ஒரு காட் எடு. செவப்பு வந்தா அவர் இரிக்கார், நான் பார்த்திரிக்கன். கறுப்பு வந்தா இத்தாக்கு இரிக்கன்."

"ராத்தா, இது பொய். ஒனக்குத் தெரியுமே. வெரல் வேல."

"தெரியும். அதுக்குத்தான் சொல்றன், வெரல் வேல காட்டாத. சும்மா எடு. வாறது வரட்டும்."

"நீயே யோசிச்சு ஒரு முடிவு எடன்."

"என்ட வாயால நான் அவர மௌத்தாக்க மாட்டன்" என்றாள். "மௌலவி என்ட தலையில போட்டிட்டார். உம்மா என்ட மூஞ்சியப் பார்த்துக்கிட்டு இரிக்கா. வேற ஆராவது சொல்லட்டுமே. காட்டாவது சொல்லட்டும்."

கட்டைக் கையில் எடுத்தேன். சும்மா எடுக்கத்தான் நினைத்தேன், அல்லாஹ்வுக்காக. கலைக்கத் தொடங்கியதுமே கட்டு எங்கெங்கே வாய் திறக்கிறது என்று பெருவிரலுக்குத் தெரிந்துவிட்டது. சின்ன விரல், மாதக்கணக்காக மடங்க மாட்டேன் என்று நின்ற அதே விரல், கேட்காமலே மடங்கித் தடித்த காட் ஒன்றின் கீழே போய் இடுக்கிக்கொண்டது. விட்டுவிட்டு மறுபடி கலைத்தேன். மறுபடியும் போய் இடுக்கியது. என்னால் சிவப்பு எடுக்க முடியும்; ராத்தா சுருமாவோடு எத்தனை வருடமும் பார்த்திருப்பாள். தடிப்பில்லாத இடத்தில் வெட்டினால் கறுப்பு வரலாம் வராமலும் போகலாம். ஆனால் அங்கேயும் வெட்டுவது நான்தான், எங்கே வெட்டுவதென்று தெரிந்துகொண்டு. என் வலது கையை அந்தத் தண்ணீரில் விடாதவள் முன்னால் இருந்தாள். மூக்கு நுனியில் வியர்வை.

"ஏலா ராத்தா" என்றேன். "என்ட கைக்கு இப்ப சும்மா எடுக்கத் தெரியா."

"பொய் சொல்லாத."

"மெய்யா. நீயே எடு."

கட்டைப் பாயில் வைத்தேன். அவள் அதைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு இரண்டு கையாலும் பாயில் பரப்பி, பயறு புடைக்க முன் கல் பார்க்கிற மாதிரித் தேய்த்துத் தேய்த்துக் கலைத்தாள். கூட்டி அள்ளினாள். ஓரம் எல்லாம் பிதுங்கிக்கொண்டிருந்த அந்தக் கட்டின் நடுவிலிருந்து ஒன்றை இழுத்து, நெஞ்சோடு சேர்த்துத் தனக்கு மட்டும் தெரிகிற மாதிரிப் பிடித்துப் பார்த்தாள்.

பக்கத்துத் தகரத்தில் மாமி தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. அது நின்று, திரும்பத் தொடங்கியது.

"கறுப்பு" என்றாள் ராத்தா.

காட்டைக் கவிழ்த்துக் கட்டின் மேலே வைத்து, கட்டை என் இடது கையில் வைத்தாள். நான் பழக்கத்தில் பெருவிரலை மேலே போட்டேன். மேல் காட் மெத்தென்றிருந்தது.

உம்மா பிளாஸ்டர் ஒட்டியது சிவப்புகளுக்கு மட்டும்.

"மெய்யாவா ராத்தா?"

"நான் கண்டன்தானே."

"எனக்கும் காட்டன்."

"ஒனக்கென்னத்துக்கு? என்ட புருஷன்தானே."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்று நான் பிறகு எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். விழுந்த காட்டுகளை மாதக்கணக்காகப் பொறுக்கி அடுக்கியவள் அவள். அன்றைக்கு அதெல்லாம் யோசிக்க நேரமில்லை. அவள் எழும்பி, வாளித் தண்ணீரில் முகம் கழுவினாள். சுருமா கரைந்து கன்னத்தில் இறங்கியது. திரும்பவும் கழுவினாள். உம்மா தண்ணீரோடு வந்தபோது, "உம்மா, வெள்ள ஏதும் இரிக்கா?" என்று கேட்டாள்.

உம்மா வாளியைக் கீழே வைத்தா. நிவாரணத்தில் வந்த வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்று பிரிக்காமல் இருந்தது. அதை எடுத்துக் கயிற்றில் போட்டா. அதன் மூலையில் நீல எழுத்தில் ஏதோ அச்சடித்திருந்தது. அந்த எழுத்து உள்ளே வருகிற மாதிரி உம்மா திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தா. எப்படிப் போட்டாலும் ஒரு பக்கத்துக்கு அது தெரிந்துகொண்டுதான் இருந்தது. பக்கத்துத் தகரத்தில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. மாமி வாசலுக்கு வந்தார். திரையைக் கண்டதும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, ராத்தாவைக் கட்டிப் பிடித்தார். அதற்குப் பிறகுதான் ராத்தா அழுதாள். வரிசை முழுக்கக் கேட்டது.

அவள் இத்தா முடிந்து, இரண்டு வருடத்தில் நிந்தவூரில் ஒருவருக்குக் கல்யாணம் முடித்துக் கொடுத்தார்கள். அவரும் பொஞ்சாதியைக் கடலுக்குக் கொடுத்தவர். நல்ல மனிதர், அதிகம் கதைக்க மாட்டார். ராத்தா மச்சானின் பெயரை எடுத்து நான் கேட்டதில்லை. காட்டைப் பற்றியும் ஒரு நாளும் கேட்கவில்லை. அவளோடு பஸ்ஸில் போகும்போது தெருவில் நீலக் கோடன் சேட்டோடு உயரமாக யாரும் மோட்டார் சைக்கிளில் போனால் நான்தான் திரும்பிப் பார்க்கிறேன். அவள் பார்ப்பதில்லை.

கடல் வந்து ஐந்தாவது வருடம், வடக்கில் இயக்கத்தோடு நடந்த சண்டை முடிந்த கிழமை நான் அட்டாளைச்சேனையில் ஆசிரியப் பயிற்சியில் இருந்தேன். சந்தியில் வெற்றியென்று பட்டாசு கொளுத்தினார்கள். பாற்சோறு கட்டி வாகனங்களை மறித்துக் கொடுத்தார்கள். நாங்கள் விடுதி அறைக்குள் யன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தோம். என்னோடு ஒரே அறையில் இருந்தவள் வீரமுனைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை. வேளாண்மைக்காரர் வீடு. வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போன அண்ணன் இரண்டு வருடமாகத் திரும்பவில்லை. அவள் அம்மா இன்னும் அண்ணனுக்குச் சோறு போட்டு மூடி வைக்கிறா. அடுத்த நாள் அதைக் கோழிக்குப் போடுகிறா.

"இனி பிடிச்சு வெச்சிரிக்கிற எல்லாரையும் விட்டிருவாங்களாம் எண்டு கதைக்காங்க" என்றாள். பட்டாசு வெடித்தது. அது முடியும்வரை பொறுத்து, "நீ காட்டில பார்ப்பியாமே?" என்றாள்.

"அது பொய் கா. வெரல் வேல."

"பொய்யெண்டாலும் பரவாயில்ல. ஒண்டு எடு. செவப்பெண்டா இரிக்கார்."

செவப்பெண்டா என்று நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லோருக்கும் அது தானாக வருகிறது.

பெட்டியிலிருந்து கட்டை எடுத்தேன். அதே கட்டுத்தான். பிளாஸ்டர் ஓரங்களில் கறுத்துச் சுருண்டு, இப்போது இன்னும் தடிப்பு. அதை அவள் மடியில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி இருந்தேன். கலைக்கும் சத்தம் கேட்டது. விழுந்ததைப் பொறுக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு காட்டை உருவும் சத்தம்.

"பார்த்திட்டன்" என்றாள்.

"நடுவுக்குள்ள போடு. நல்லாக் கலை."

"கலைச்சிட்டன். இந்தா, பிடி."

"கட்டில்ல வை" என்றேன், திரும்பாமல். "என்ட கையில தராத."

அவள் கட்டைத் தலையணைப் பக்கம் வைத்தாள். வெளியே யாரோ சிங்களத்தில் பாடிக்கொண்டு போனார்கள். என் இடது கை மடியில் சும்மா கிடந்தது. அதன் சின்ன விரல் மட்டும் மடங்கி, ஒன்றுமில்லாத இடத்தில் எதையோ இடுக்கிப் பிடித்திருந்தது.